ஓட்டுச்சாவடியிலிருந்து யாரும் திரும்பி வர வேண்டாம்

(மணப்பட்டு மதரஸா கூடத்தில் அஸர் தொழுகைக்குப் பின் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)





எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. வழக்கமாக இந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் படிப்பு உதவி, விதவைகள் பென்ஷன், ஜகாத் கணக்கு இவற்றைப் பற்றித்தான் பேசுவோம். இன்று ஓட்டுச்சாவடியைப் பற்றிப் பேசப் போகிறோம். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டோம். அது உங்கள் மனசாட்சிக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ளது. மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆம் பிரிவின்படி முறைகேடு. தொழுகை இடத்தைப் பிரசார மேடையாக்குவதும் கூடாது. ஆகவே எப்படி ஓட்டுப் போடுவது, தடை வந்தால் என்ன கேட்பது, இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

இதைப் பேச வேண்டிய அவசியம் எங்கள் வீட்டிலிருந்தே வந்தது. 2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல் நாள். கொரோனா காலம். எங்கள் பெரியம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். முழங்கால் வலியோடு மெதுவாக நடந்து சாவடிக்குள் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். “என் ஓட்டு ஆயிடுச்சாம்பா” என்றார். அதே ஊரில், அதே பெயரில் இன்னொரு பெண்மணி இருக்கிறார். அவர் காலையில் வந்தபோது பட்டியலில் பெரியம்மாவின் வரிசை எண்ணில் கோடு போட்டுவிட்டார்கள். யாரும் வேண்டுமென்றே செய்ததாக நாம் நினைக்கவில்லை. கைத்தவறு. ஆனால் வாசலில் நின்றிருந்த நாம் என்ன செய்தோம்? மதரஸாவிலும் ஓதினோம், கல்லூரியிலும் படித்தோம். இருந்தும், “சரி, விடுங்க பெரியம்மா, வெயில் ஏறுது, வாங்க போகலாம்” என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்.

இரவு இஷா தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது வீட்டுப் பிள்ளை ஒருவன் கேட்டான்: “ஏன், 49-பி கேட்டிருக்கலாமே? ‘சர்க்கார்’ படத்துல வருமே?” படம் பார்க்கச் சொல்லி இங்கே யாரும் பேசவில்லை. ஆனால் 2018இல் வந்த அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை. அதற்குள் மெஷினுக்குச் சீல் வைத்து எடுத்துப் போய்விட்டார்கள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். விரலில் மை இல்லை. அந்தக் காட்சி இன்னும் நம் மனதை விட்டுப் போகவில்லை.

நம் வட்டாரத்துக்கும் ஓட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. வில்லியனூர் பக்கம் கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில்தான் இந்த மண் இந்தியாவோடு சேர்வது முடிவானது. 178 பிரதிநிதிகள் கலந்துகொண்டார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அன்று நம் முன்னோர்கள் நேரில் போய் ஓட்டுப் போடவில்லை. இன்று 18 வயது நிறைந்த ஒவ்வொருவர் கையிலும் அந்த உரிமை இருக்கிறது. கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் 2006க்குப் பிறகு இங்கே நடக்கவில்லை. நமக்கு வாய்ப்பது சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டும்தான். அந்த இரண்டிலும் வாசல் வரை போய்த் திரும்பி வரலாமா?

முதலில் சாவடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அது தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முகவர்களை வைத்துக்கொண்டு மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். குறைந்தது 50 ஓட்டு. எண்ணிப் பார்த்து, அதை அழித்து, சீட்டுகளை வெளியே எடுத்து, மெஷினுக்குச் சீல் வைத்த பிறகுதான் நம்மை உள்ளே விடுவார்கள். உள்ளே தலைமை அலுவலர் ஒருவர் இருப்பார். சாவடிக்கு அவர்தான் பொறுப்பு. இந்த ஒரு பதவிப் பெயரை நினைவில் வையுங்கள்: வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். எந்தச் சிக்கல் வந்தாலும் கேட்க வேண்டியது அவரிடம்தான். பக்கத்தில் நிற்கும் கட்சிக்காரரிடம் அல்ல.

முதல் அலுவலர் பட்டியலையும் அடையாள அட்டையையும் பார்த்து, உங்கள் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். முகவர்கள் கேட்பதற்காகத்தான் உரக்கப் படிப்பது. நீங்களும் காது கொடுத்துக் கேளுங்கள். வேறு எண், வேறு தகப்பனார் பெயர், வேறு கணவர் பெயர் வந்தால் அங்கேயே, “ஐயா, அது நான் இல்லை” என்று சொல்லுங்கள். எங்கள் பெரியம்மாவின் விஷயத்தில் காலையில் வந்தவர் இதைக் கவனித்திருந்தால் ஒரு ஓட்டும் வீணாகியிருக்காது.

இரண்டாவது அலுவலர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, ஒரு சீட்டுத் தருவார். மூன்றாவது அலுவலர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு மெஷினைத் திறந்துவிடுவார். மறைப்புக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் நீங்கள் போட்ட சின்னத்தோடு ஒரு சீட்டு 7 விநாடி தெரியும். பிறகு உள்ளே விழுந்து, ‘பீப்’ சத்தம் கேட்கும். அவசரப்படாமல் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மை பற்றி ஒரு சந்தேகம் ஒவ்வொரு தேர்தலிலும் வருகிறது: ஒளு கூடுமா என்று. அந்த மையில் இருப்பது சில்வர் நைட்ரேட். அது தோலின் மேல் பூச்சாக நிற்பதில்லை, தோலையே சாயமேற்றிவிடுகிறது. ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டோம். மருதாணிச் சிவப்பு எப்படியோ அப்படியே, தண்ணீரைத் தடுக்கும் படலம் இல்லாத சாயத்தால் ஒளுவுக்குக் குறையில்லை என்றார்கள். ஆகவே அதைக் காரணம் காட்டி யாரும் வீட்டில் இருக்க வேண்டாம்.

இனி, நம் மக்கள் எந்தெந்த இடத்தில் திரும்பி வருகிறார்கள் என்று பார்ப்போம்.

ஒன்று, அட்டை. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலைய பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, போட்டோவுடன் கூடிய பென்ஷன் ஆவணம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இவற்றில் ஒன்றைக் காட்டலாம். ரேஷன் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. நம் தாய்மார்கள் பலர் அதைத்தான் எடுத்துப் போகிறார்கள். வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் ஸ்லிப்பும் 2019 முதல் அடையாளச் சான்று ஆகாது. அது எண்ணைத் தேட மட்டும்.

இரண்டு, பெயர் எழுத்து. அட்டையில் முகமது, பட்டியலில் முஹம்மது. அட்டையில் பீவி, பட்டியலில் பீ. நமக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். எழுத்துப் பிழை, அச்சுப் பிழை போன்ற சிறு வேறுபாடுகளை, ஆள் இவர்தான் என்று தெரிந்தால் பொருட்படுத்தக் கூடாது என்பதே தேர்தல் விதி. “எழுத்து மாறியிருக்கு, போயிட்டு வாங்க” என்று யாராவது சொன்னால் போக வேண்டாம். தலைமை அலுவலரிடம் பணிவாகச் சொல்லுங்கள். அடுத்த தேர்தலுக்குள் படிவம் 8 கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்று, ‘ஊரில் இல்லை, இடம் மாறியவர், இறந்தவர்’ என்ற தனிப்பட்டியல். உயிரோடு இருப்பவர் பெயரும் சில நேரம் அதில் ஏறிவிடும். பட்டியலில் பெயர் இருந்து, இந்தக் குறிப்பும் இருந்தால் ஓட்டு மறுக்கப்படாது. அடையாளத்தை இன்னும் கவனமாகச் சரிபார்ப்பார்கள். கையெழுத்தோடு கைநாட்டும் வாங்குவார்கள். கோபப்படாமல் கொடுத்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.

நான்கு, முகவரின் ஆட்சேபம். “இவர் அவர் இல்லை” என்று ஒரு முகவர் சொன்னால், சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர் 2 ரூபாய் கட்ட வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆட்சேபம் நிரூபணமாகாவிட்டால் நீங்கள் எல்லோரையும் போல மெஷினிலேயே ஓட்டுப் போடலாம். வீணாக ஆட்சேபித்தவரின் பணம் போய்விடும். இதைத்தான் ‘சேலஞ்ச் ஓட்டு’ என்கிறார்கள்.

ஐந்து, எங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது. உங்கள் பெயரில் ஏற்கெனவே ஓட்டுப் பதிவாகியிருந்தால், 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49-பி விதிப்படி ‘டெண்டர் ஓட்டு’ உண்டு. “ஐயா, நான் ஓட்டுப் போடவில்லை, விரலைப் பாருங்கள், எனக்கு டெண்டர் ஓட்டு வேண்டும்” என்று கேளுங்கள். அடையாளம் உறுதியானால் மெஷினில் அல்ல, காகித வாக்குச்சீட்டில் ஓட்டுப் போடச் சொல்வார்கள். அதைத் தனி உறையில் வைத்துச் சீல் இடுவார்கள்.

உண்மையை மறைக்காமல் சொல்கிறோம். எண்ணிக்கை நாளில் அந்தச் சீட்டை எண்ண மாட்டார்கள். வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் உறை திறக்கும். “அப்புறம் எதற்கு?” என்று கேட்பீர்கள். 2008இல் ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியில் ஒருவர் 62,216 ஓட்டும் மற்றவர் 62,215 ஓட்டும் வாங்கினார்கள். ஒரே ஓட்டு வித்தியாசம். டெண்டர் ஓட்டு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004இல் கர்நாடகத்தில் சந்தேமாரஹள்ளி தொகுதியிலும் ஒரே ஓட்டில்தான் முடிவானது. நம் புதுச்சேரித் தொகுதிகளோ மிகச் சிறியவை. மேலும், எண்ணாவிட்டாலும் அந்தச் சீட்டு ஒரு சாட்சி. இன்னார் வந்தார், அவர் பெயரில் தவறு நடந்தது என்று அரசுப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. சாட்சியத்தை மறைக்கக் கூடாது என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. திரும்பி வந்தால் சாட்சியும் இல்லை, பதிவும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. “பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டிச் சேலஞ்ச் ஓட்டுப் போடலாம்”, “ஒரு சாவடியில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறு ஓட்டுப்பதிவு” என்று தேர்தல்தோறும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டும் பொய். பட்டியலில் பெயர் இல்லையென்றால் எந்த அட்டையைக் காட்டினாலும் ஓட்டு இல்லை. அதைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அதனால்தான் வேலை தேர்தல் நாளுக்கு முன்பே தொடங்க வேண்டும் என்கிறோம். 2025 நவம்பரில் வீடுவீடாகப் படிவம் கொடுத்துச் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்ததை அறிவீர்கள். கையில் பழைய அட்டை இருக்கிறது என்பதால் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் பாருங்கள். இல்லாவிட்டால் படிவம் 6. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் ஒரு பெயரும் சேர்க்க முடியாது. விண்ணப்பத்தை விசாரிக்கவும் நாள் வேண்டும். ஆகவே தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குப் படிவம் 6-ஏ இருக்கிறது. ஆனால் அவர்கள் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் ஓட்டுப் போட முடியும்.

இப்போது திரைக்கு அப்பால் இருக்கும் சகோதரிகளுக்கு.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52இல் நடந்தபோது சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. காரணம், அவர்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் சொன்னார்கள். அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, அந்தக் கணக்கில் நாம் இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் நம்மிடமும் உண்டு. உங்கள் பெயர் பட்டியலில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, வரிசை எண் என்ன என்பது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். வீட்டு ஆண்களுக்குத் தெரிந்தால் போதாது. சாவடிக்குள் அவர்கள் உங்களோடு வர மாட்டார்கள்.

பர்தா பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆள் யார் என்று பார்ப்பது தேர்தல் அலுவலரின் கடமை. வாக்காளர் பட்டியலில் பர்தா அணியும் பெண்களின் போட்டோ கூடாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் தள்ளுபடி செய்தது. ஆகவே முகத்தை மூடியிருந்தால் அடையாளம் காட்டத்தான் வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதற்கும் தேர்தல் ஆணையத்தின் கையேட்டில் வழி இருக்கிறது. பர்தா அணியும் பெண்கள் அதிகம் உள்ள சாவடியில் பெண் அலுவலரை வைத்து, துணியாலாவது ஒரு தனி மறைப்புக் கட்டி, கண்ணியமாக அடையாளம் பார்க்கவும் மை வைக்கவும் வேண்டும். “பெண் அலுவலரிடம் காட்டுகிறேன்” என்று சொல்லுங்கள். இதில் சண்டைக்கு இடமில்லை.

ஆனால் தலைமுக்காடு வேறு. அது முகத்தை மறைப்பதில்லை. 2022 பிப்ரவரி 19ஆம் தேதி தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டம் மேலூரில் ஹிஜாப் அணிந்து ஓட்டுப் போட வந்த ஒரு பெண்ணை, அதைக் கழற்ற வேண்டும் என்று ஒரு கட்சியின் முகவர் ஆட்சேபித்தார். அங்கே இருந்த அலுவலர்களும் மற்றக் கட்சிகளின் முகவர்களும் அதை ஏற்கவில்லை. போலீஸ் வந்து அந்த முகவரை வெளியே அனுப்பியது. சிறிது நேரம் நின்ற ஓட்டுப்பதிவு மறுபடி தொடர்ந்தது. இந்தச் செய்தி வந்தபோது நம்மில் பலர் பயந்தோம். நாம் அதைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறோம். ஒருவர் தடுத்தார், சாவடியில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் விதியின் பக்கம் நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர் அல்லர். நம் பாகூர் வட்டாரத்திலும் அண்டை வீட்டார் நமக்கு அப்படித்தான் என்பதை நாம் அறிவோம். முகவருக்கு ஆட்சேபிக்க உரிமை உண்டு, உத்தரவு போட உரிமை இல்லை. உத்தரவு தலைமை அலுவலருடையது.

முதியோர் பற்றி. 85 வயதுக்கு மேற்பட்டவர்களும், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனமுற்றவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் படிவம் 12-டி கொடுக்க வேண்டும். கண் தெரியாதவர்களும் பொத்தானை அழுத்த இயலாதவர்களும் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். ஒருவர் ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை. எழுதப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் துணைக்குக் காரணம் ஆகாது. சின்னம் பார்த்து அழுத்த அவர்களாலேயே முடியும். வீட்டில் சொல்லிக் கொடுங்கள், அவர்கள் யாருக்குப் போடுகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவர்களின் அமானத்.

நேரம் பற்றி. 2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல், வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து போகலாம் என்று இருந்தவர்கள் வெயிலில் வரிசையில் நின்று வாடிப் போனார்கள். ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஏழு மணிக்கே போய்விடுங்கள். முடியாமல் தாமதமானாலும் சோர்ந்துவிட வேண்டாம். முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கடைசி ஆளில் தொடங்கி எண் போட்ட சீட்டுக் கொடுப்பார்கள். அத்தனை பேரும் ஓட்டுப் போட்ட பிறகுதான் மூடுவார்கள். செல்போன் உள்ளே கூடாது. சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் யாருக்கும் ஓட்டுக் கேட்கவும் கூடாது, நம் இளைஞர்களும் சேர்த்துத்தான். கடை, கம்பெனி, கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை உண்டு. அது முதலாளி தரும் தயவல்ல, சட்டம்.

நம் அறக்கட்டளை செய்யப் போவது மூன்று. அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அஸருக்குப் பின் இந்தக் கூடத்தில் பட்டியல் பார்த்துக் கொடுக்க, படிவம் நிரப்பிக் கொடுக்கப் பிள்ளைகள் உட்காருவார்கள். பெண்களுக்குப் பெண் பிள்ளைகளே உதவுவார்கள். எந்த மதத்து அண்டை வீட்டாரும் வரலாம். இரண்டாவது, தேர்தல் நாளில் நடக்க இயலாத முதியோரைச் சாவடி வாசல் வரை அழைத்துப் போக ஆள் இருக்கும். அதற்கு எந்தக் கட்சியின் வண்டியும் வேண்டாம், எந்த வேட்பாளரின் பணமும் வேண்டாம். மூன்றாவது, சிக்கல் வந்தால் என்ன கேட்பது என்று ஒரு கைச்சீட்டு அச்சிட்டு வீட்டுக்கு வீடு தருவோம். அலுவலரும் கேட்காத நிலை வந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது தேர்தல் துறையின் எண்.

எங்கள் பெரியம்மா 2024இல் மறுபடி போனார். இந்த முறை அட்டையோடு வரிசை எண்ணையும் ஒரு தாளில் எழுதி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அலுவலர் பெயரைப் படித்ததும், “எண்ணையும் படிங்க தம்பி” என்றாராம். படித்தார்கள். சரியாக இருந்தது. வெளியே வந்து விரலைக் காட்டினார். அன்று நாம் அல்ஹம்துலில்லாஹ் சொன்னதற்குக் காரணம், யாரோ ஜெயிக்கப் போகிறார்கள் என்பதல்ல. ஒரு மூதாட்டி தனக்குரியதைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

நமக்குரியதைப் பணிவோடும் பொறுமையோடும் கேட்டுப் பெறும் பக்குவத்தையும், பிறர் உரிமையைப் பறிக்காத நேர்மையையும் அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.